ஒன்பது தக்காளிச் செடியும் ஊனாத குச்சியும்

தக்காளிச் செடி பிஞ்சு பிடிக்கிறவரைக்கும் தானாக நிற்கும். பிஞ்சு கனத்ததும் சாய்ந்துவிடும். யாராவது பக்கத்தில் ஒரு குச்சியை ஊனி, சேர்த்துக் கட்டிவிட வேண்டும். போன வருஷம் எங்கள் வீட்டில் அந்த "யாராவது" நான்தான். செடிகளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் முளைத்தே இருக்காது.

எங்கள் வீடு புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகிற ரோட்டில், வல்லத்திராக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாலேயே, தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. நான் கட்டின வீடு. கட்டினேன் என்றால், குவைத்தில் உட்கார்ந்துகொண்டு பணம் அனுப்பினேன். கொத்தனாரோடு மல்லுக்கு நின்றது, போர் போட்ட இடத்தில் வெறும் புழுதி வந்தபோது வேறு இடம் பார்த்தது, கரண்ட் ஆபீசுக்கு நடையாய் நடந்து சர்வீஸ் வாங்கினது, கஜா புயலில் மாடித் தகரம் பறந்து தைலமரக் காட்டுக்குள் போனபோது தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது, மகளைப் படிக்க வைத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் என் மனைவி. மகள் கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என்னைச் சமையல் காண்டிராக்ட் ஆள் என்று நினைத்து, "ரெண்டாவது பந்தியில சாம்பார் வரல, கவனிங்க" என்றார். கவனித்தேன்.

குவைத்தில் நான் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷம். ஸ்டோர் கீப்பருக்கு ரெண்டே வேலைதான். வந்ததை வாங்கி அடுக்குவது. கேட்டதைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது. "நாளைக்கு வா" என்பதை ஐந்து பாஷையில் சொல்லுவேன். ஒருநாள் கம்பெனி என்னைக் கூப்பிட்டு, நாளைக்கு நீயும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. போன சித்திரையில் பெட்டியோடு வந்து இறங்கினேன். இனிமேல் அவளும் நானும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறோம் என்று எனக்கு ஒரே குஷி. அவளுக்கு அப்படியொன்றும் குஷி இருந்ததாகத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எழுந்தாள், அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடத்தைக் கூட்ட வேண்டியிருந்தது.

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். பேத்திக்கு ஒரு வயசு. அதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த மகளை, ஆவணி மாசம், தினமும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் மாமியார் முட்டிவலியோடு குழந்தையைச் சமாளித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும்.

"அம்மா, நீ இங்கிட்டே வந்து இருந்துரும்மா."

ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்கு அல்ல. குழந்தை ஸ்கூலுக்குப் போகிறவரைக்கும். அதற்குள் இன்னொரு குழந்தை வரும். போனால் போனதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் கூடப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். மருமகன் வீட்டில் மாமியார் இருந்தால் ஒத்தாசை. மாமனார் இருந்தால் விருந்து. விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள்தான்.

மகளுக்கு என் மனைவி சொன்ன பதில் இதுதான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள் என்பதால் நானும் கேட்டேன்.

"தக்காளி நாத்து விட்டிருக்கேன்டி. அது காய்க்கட்டும், பாப்போம்."

ஓட்டை வாளி ஒன்றில் நாட்டுத் தக்காளி விதை தூவியிருந்தாள். ஒன்பது நாற்று தேறியது. அவள் சொன்னது எனக்கு இப்படி விளங்கியது: தக்காளி காய்த்ததும் கிளம்பிவிடுவாள், காய்க்காதவரைக்கும் இருப்பாள். அன்றிலிருந்து அந்த ஒன்பது செடியும் எனக்கு எதிரிகள்.

புரட்டாசி முதல் வாரம், வீட்டுக்குப் பின்னால் செம்மண்ணைக் கொத்தி, எருப் போட்டு, ரெண்டு வரிசையாக நட்டாள். கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, இதுகளுக்குக் குச்சி மட்டும் நீங்க பாத்து ஊனிருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"என்ன குச்சி?"

"ஏதாச்சும் ஒரு குச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?"

அந்த வீட்டில் எனக்குத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குள்ளே இருந்த ஸ்டோர் கீப்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டான். குச்சி இல்லாவிட்டால் செடி நிற்காது. செடி நிற்காவிட்டால் காய்க்காது. காய்க்காவிட்டால் கோயம்புத்தூர் இல்லை. ஊன மாட்டேன் என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனால் நல்ல குச்சியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

மூங்கிலில் ஆரம்பித்தேன். டவுனுக்குப் போய், மூங்கில் சாத்தியிருந்த ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். ரெண்டு வாங்கினால் அறுத்து ஒன்பது துண்டு போடலாம் என்று கணக்கு. கடைக்காரர் வடை தின்றுகொண்டிருந்தார்.

"பச்சை மூங்கில் ரெண்டு வேணுங்க."

அவர் வடையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எப்ப எடுக்குறீங்க?"

"இப்பவே எடுத்துக்கிறேன்."

"இப்பவேவா? சொந்தக்காரங்கல்லாம் வரவேணாமா?"

"இதுக்கு எதுக்குங்க சொந்தக்காரங்க? நானும் வீட்டம்மாவும் இருக்கோம். போதும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கயிறு இருக்கா, அதுவும் போடவா?"

"போடுங்க. சேத்துக் கட்டத்தானே வேணும்."

"வயசு என்ன இருக்குங்க?"

பரவாயில்லையே, செடியின் வயசெல்லாம் கேட்டு விற்கிறாரே, விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். "நாப்பது நாள் ஆகுதுங்க."

அவர் எழுந்து வெளியே வந்து என் தோளில் கையை வைத்தார். "அண்ணே, பச்சப்புள்ளைக்கு மூங்கில் கட்டுற வழக்கம் கெடையாது. கையில ஏந்திக்கிட்டே போயிரணும். மனசத் தேத்திக்கங்க."

அப்போதுதான் அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்த மண் கலயத்தையும் வெள்ளைத் துணியையும் ஊதுபத்திக் கட்டையும் பார்த்தேன். நான் நின்றது பாடைச் சாமான் விற்கிற கடை.

"தக்காளிச் செடிக்குங்க" என்றேன்.

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போய் வடையை எடுத்தார். "காலங்காத்தால வந்துட்டீங்களேண்ணே. போங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ரெண்டு குரலிலும் நடித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் வந்து இறங்கினதிலிருந்து அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். இப்படிச் சிரிக்கிறவள் என்னை விட்டுப் போக மாட்டாள் என்று நினைத்தேன். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப, குச்சி?"

வாசலைத் தாண்டினால் தைலமரக் காடு. வெட்டிக் கழித்த குச்சி குவிந்து கிடக்கும். பத்து நிமிஷ வேலை. நான் அவளிடம், தைலமரம் நிலத்துத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று சொன்னேன்.

"செத்த குச்சி எப்பிடிங்க தண்ணி குடிக்கும்?"

"அந்த வாடைக்கே செடி கருகிரும்."

அடுத்த வாரம் சீமைக் கருவேலம் வெட்டப் போய், சட்டையைக் கிழித்துக்கொண்டு, குதிகாலில் முள்ளும் வாங்கிக்கொண்டு வந்தேன். நாலு நாள் நொண்டினேன். ரெண்டு நாளுக்குத்தான் வலி. மிச்ச ரெண்டு நாள் என் சொந்த முயற்சி. மாடியில் வீடு கட்டின மிச்சக் கம்பி கிடந்தது. அது வெயிலில் காய்ந்து தண்டைச் சுட்டுவிடும் என்று தள்ளுபடி செய்தேன். செல்போனில் வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் தக்காளிக்குக் கம்பிக் கூண்டு செய்கிற வீடியோவைப் பார்த்து, அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது மாதிரி செஞ்சா என்ன?"

"கோழியா வளக்குறோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குள் செடிகள் இடுப்பு உயரம் வந்து, மஞ்சளாகப் பூத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய ஆரம்பித்துவிட்டன. ஒருநாள் இலைக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பச்சைப் பிஞ்சு. அவள் பார்த்துவிடக் கூடாது என்று சருகை அள்ளி மூடினேன். அவள் விதைத்து, அவள் தண்ணீர் ஊற்றுகிற செடி, அவளுக்கே தெரியாமல் காய்த்துவிடும் என்று நம்பினேன். நான் எப்படி இருபத்திரண்டு வருஷம் ஒரு ஸ்டோரை நிர்வாகம் செய்தேன் என்பது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளின் போன். "என்னம்மா, காய்ச்சிருச்சா?"

"பூத்திருக்குடி."

"அப்பா என்ன பண்றாரு?"

"குச்சி பாக்குறாரு."

"இன்னுமா?"

"ஆமா. பொண்ணு பாக்க வந்தப்பக்கூட ஒங்கப்பா இம்புட்டுப் பாக்கல."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கவனிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மேகம் கிழக்கே கருத்துக்கொண்டு வந்தது. அவள் செடிப் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து, தரையில் கிடந்த ஒரு கிளையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திரும்பாமலேயே சொன்னாள்:

"மழை வரப்போவுது. இன்னைக்காச்சும் ஊனிருங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை, கரண்ட் ஆபீசில்கூட. எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது.

பக்கத்து வீட்டில் ரிட்டையரான வாத்தியார் ஒருத்தர் இருக்கிறார். ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்தால் அந்த வாரம் முழுக்க அவர் தோட்டத்திலேயே இருப்பார். அவரிடம் ஓடினேன்.

"சார், ஊனுறதுக்கு ஒம்போது குச்சி வேணும். அவசரம்."

"அதுக்கென்ன தம்பி" என்று அரிவாளை எடுத்து, அவர் வேலியிலிருந்தே ஒன்பது கிளையை வெட்டி, நுனியைச் சீவிக் கொடுத்தார். என்ன மரம் என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. ஒரு மாசமாகக் குச்சியில் குற்றம் கண்டுபிடித்தவன், உண்மையிலேயே ஊனப் போனபோது குச்சியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் ஒன்பதையும் அடித்து இறக்கினேன். பழைய கைலியைக் கிழித்துக் கட்டினேன். ஆனால் தண்டு படுத்தே வளர்ந்திருந்ததால், தூக்கி நிறுத்தினதும் ரெண்டு செடி மளுக்கென்று முறிந்தது. மற்றதை முறியாமல் கட்ட வேண்டும் என்று இறுக்கிக் கட்டினேன். அவள் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொரு முடிச்சாகத் தளர்த்திவிட்டாள்.

மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. செம்மண் சேறாகி இலையெல்லாம் அப்பிக்கொண்டது. அதுவரை மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்த பிஞ்சுகள் அடிப்பக்கம் கருத்து, அழுகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அப்புறம் தண்டும் கருத்தது. ஒரு வாரத்தில் ஒன்பதில் ஒன்றுகூட மிச்சமில்லை. வெயில் வந்தால் துளிர்க்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வெயில் வந்தது. காய்ந்த செடியைச் சுற்றிக் கைலித் துணி மட்டும் காற்றில் ஆடியது.

துளிர்க்கத்தான் செய்தது, செடி இல்லை. ஐப்பசிக் கடைசியில் வாத்தியார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, எதுக்கு வீட்டுக்குப் பின்னாடி நடு மனையில வேலி போட்டிருக்கீங்க? அண்ணன் தம்பி பாகப் பிரிவினையா?"

"வேலியா? அது தக்காளிக்கு ஊனின குச்சி சார்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "கிளுவையவா? கிளுவைய ஊனினா வேரு விட்டுத் தழைஞ்சிருமே, தம்பி. ஊனுறதுக்குன்னு கேட்டீங்க, வேலிக்குன்னுல்ல நான் வெட்டிக் கொடுத்தேன்."

எங்கள் ஜில்லாவில் முக்கால்வாசி வேலி கிளுவைதான். வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும். இது இங்கே ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் சின்ன வயசில் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது குச்சியும் ரெண்டு வரிசையாக, பச்சைப் பசேலென்று, அத்தனை செழிப்பாக நின்றன. அந்தத் தோட்டத்தில் நான் உயிரோடு வளர்த்தது அவை மட்டும்தான்.

மனைவி பின்வாசலுக்கு வந்தாள். வாத்தியார் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். மூங்கில் கடைக்குச் சிரித்தவள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கெழமைக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன்" என்றாள்.

"அதான் ஒண்ணும் காய்க்கலையே."

"அதான் போறேன்."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவளே சொன்னாள்.

"காய்ச்சுக் கெடந்தா அவகிட்டச் சொல்லிரலாம்னு இருந்தேன். காய்க்கிற செடியப் போட்டுட்டு எப்பிடிடி வர்றது, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும்னு. தை வரைக்கும் பறிக்கலாம். அதுக்குள்ள கத்திரி போட்டிருப்பேன். அவளும் வேற ஆளு பாத்துக்குவா. பெத்த பொண்ணுகிட்ட வரமாட்டேன்னு வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எனக்கும் ஒரு சாக்கு வேணுமில்ல."

"தக்காளி காய்ச்சதும் நீ போயிருவேன்னுல்ல நான் நெனச்சேன்."

"போறதுக்கு எதுக்குங்க தக்காளி? பஸ்ஸு போதாது?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"குச்சி ஊனுங்கன்னு சொன்னனே."

எத்தனை தடவை சொன்னாள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. "நீயே ஊனியிருக்கலாம்ல? ஒனக்குத் தெரியாததா?" என்றேன். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"ஊனியிருக்கலாம்" என்றாள். "இந்த வீட்டுல எல்லாத்தையும் நான்தான் ஊனினேன். இத ஒண்ணையாச்சும் நீங்க ஊனினா, சரி, மனுஷன் இங்கதான் இருக்கப் போறாருன்னு எனக்கும் ஒரு இது வரும்னு பாத்தேன்."

நான், வெண்டைக்காய் போடலாம், நாற்பதே நாளில் காய்க்கும், குச்சியே வேண்டாம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுக்கோட்டைப் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். பெட்டியை மேலே வைத்தேன். ஊறுகாய்ப் பாட்டில் இருந்த பையை அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர் காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கிறது, மோட்டார் போட்டால் இருபது நிமிஷத்தில் அணைத்துவிட வேண்டும், பால்காரருக்கு வெள்ளிக்கிழமை ரெண்டு பாக்கெட் வேண்டாம் இனிமேல் ஒன்று போதும், ரேஷனில் கைரேகை என்னுடையதும் இருக்கிறது நானே போகலாம் என்று வரிசையாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்தேன். இத்தனை வருஷம் போனில் நான் வண்டி வண்டியாகச் சொன்ன ஜோக்கெல்லாம் எங்கே போனதோ, ஒன்றும் வரவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அவள் என்னைப் பார்த்து, "வாரேன்" என்றாள்.

நம் ஊரில் போகிறவர்கள் போறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன். அதே பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு லீவு முடிவிலும் நான் அவளிடம் சொன்னது அது. பொய்யென்று சொல்ல முடியாது. வந்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பத்தைந்து நாளைக்கு, திரும்பிப் போகிற டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு. அப்போதெல்லாம் கீழே நின்று அதைக் கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை; எனக்கு ஜன்னல் சீட் கிடைத்துவிடும்.

"சரி" என்றேன். "போயிட்டு வா" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது அவ்வளவுதான்.

பஸ் நகர ஆரம்பித்தது. நான் இன்னும் படிக்கட்டிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"சார், வர்றீங்களா, எறங்குறீங்களா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று பார்க்கிற மாதிரி இருந்தது. யோசிக்கிறேன் என்று சொல்ல அங்கே நேரம் இல்லை. இறங்கிவிட்டேன்.